கக்கூஸின் பதவி உயர்வு

நான் முதன்முதலில் வேலைக்கு ஏறிய கப்பலில் கக்கூஸ் அடைத்துக்கொண்டால், அந்தச் செய்தி இன்ஜினியர்களின் காதுக்கு வராது. வரவும் கூடாது. 1980-களின் தொடக்கம். பிரிட்டனில் கட்டி, இரண்டு மூன்று கை மாறி வந்த சரக்குக் கப்பல். பம்பாயில் ஐந்தாம் இன்ஜினியராக ஏறினேன். ஐந்தாம் இன்ஜினியர் என்றால் அதிகாரிகளில் கடைக்குட்டி. டீ கொண்டுவரச் சொல்லலாம், திட்டலாம், கப்பலின் அடிப்பள்ளமான பில்ஜுக்குள் இறக்கிச் சேறு அள்ளவைக்கலாம். கக்கூஸைப் பார்க்கச் சொல்ல மட்டும் முடியாது. அது கௌரவப் பிரச்சினை. அதற்கென்று டோப்பாஸ் இருந்தார்.

அந்தக் காலத்தில் இந்தியச் சிப்பந்திகள் வேலை பார்த்த கப்பல்களில் துப்புரவுக்கென்றே இருந்த பதவி டோப்பாஸ். கேப்டனில் தொடங்கும் ஆள் பட்டியலில் வால் நுனி. ஐம்பது பேருக்குக் குறையாத கப்பல் அது. தளத்து ஆட்களுக்கு ஒரு சேராங், இன்ஜின் ஆட்களுக்கு ஒரு சேராங், சமையலுக்கு பண்டாரி என்று ஆளாளுக்கு ஒரு கூட்டமும் அதற்கொரு தலைவரும் உண்டு. டோப்பாஸ் எந்தக் கூட்டத்திலும் சேர்த்தியில்லை. கரையிலேயே விட்டுவிட்டு வந்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றைக் கப்பலும் ஏற்றிக்கொண்டுதான் வந்திருந்தது. சரக்குப் பட்டியலில் மட்டும் அது இல்லை.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். காக்கி அரைக்கால்சட்டை, வாளி, துடைப்பம், ஃபினாயில் டப்பா, முனையை வளைத்த கனமான கம்பி ஒன்று. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "டோப்பாஸ்!" என்று குரல் கொடுத்தால் வருவார். சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு பின்தளத்துக்குப் போய்விடுவார். அவராகப் போனாரா, போகவைத்தார்களா என்ற கேள்வி அந்தக் கப்பலில் எழுந்ததில்லை.

கக்கூஸின் அமைப்பும் அன்று எளிமை. ஒரு பம்பு கடல்நீரை இழுத்து அழுத்தத்தில் வைத்திருக்கும். கைப்பிடியை அமுக்கினால் கடல் பாய்ந்து வரும். பீங்கானைக் கழுவி, நான்கு அங்குலக் குழாய் வழியாக இறங்கி, கப்பலின் விலாவில் இருக்கும் துவாரம் வழியே கடலுக்கே திரும்பிவிடும். அலை மேலேறி வராமலிருக்க அங்கே ஒரு மடக்குக் கதவு. அவ்வளவுதான் பொறியியல். எவ்வளவு தண்ணீர் போகிறது என்று யாரும் அளக்கவில்லை. கடலில் இருந்துகொண்டு தண்ணீரை அளப்பானேன்? நடுக்கடலில் இதனால் ஒருவருக்கும் தொந்தரவில்லை. துறைமுகத்தில்தான் சங்கடம். வாழைப்பழம், சிகரெட், பொம்மை விற்கிற சிறு படகுகள் கப்பலை ஒட்டி வந்து நிற்கும். எந்தத் துவாரத்துக்குக் கீழே படகைக் கட்டக்கூடாது என்பது பழைய வியாபாரிகளுக்குத் தெரியும். புதியவர்கள் ஒரே காலையில் கற்றுக்கொள்வார்கள்.

ஒழுக்கும் அன்றைக்கு நேர்மையானது. கடல்நீர் தின்ற இரும்புக் குழாயில் ஓட்டை விழும், நடைவழியின் மேற்கூரையில் ஈரம் படரும், வாடை கிளம்பும், யார் தலையிலாவது ஒரு சொட்டு விழும், அவர் போடுகிற கூச்சலில் இடம் தெரிந்துவிடும். ரப்பர்த் துண்டைச் சுற்றிக் கிளிப் போட்டு இறுக்கினால் கொஞ்ச நாள் ஓடும். கிளிப்புக்கு அடங்காத ஓட்டை என்றால் கப்பல் தச்சர் வருவார். குழாயைச் சுற்றி மரப்பெட்டி அடித்து, சீக்கிரம் இறுகும் சிமெண்ட்டை அதற்குள் ஊற்றிவிட்டுப் போவார். சிமெண்ட் பாக்ஸ் எங்கள் தொழிலின் சிரஞ்சீவிக் கலை. உள்ளே இருந்த குழாய் முழுக்கத் துருவாகி உதிர்ந்த பிறகும், சிமெண்ட் மட்டும் குழாயின் வடிவத்தில் நின்று கடமையாற்றிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். அதைக் கழற்றச் சொன்ன இன்ஜினியர் எவரையும் பார்த்ததில்லை.

இந்த நிம்மதியைக் கெடுத்தது சட்டம். கப்பலால் கடல் கெடக்கூடாது என்று 1973-இல் நாடுகள் கூடி மார்போல் ஒப்பந்தத்தை எழுதியபோதே கழிவுநீருக்கும் ஒரு பகுதி எழுதிவிட்டார்கள், நான்காம் இணைப்பு என்று பெயர். எண்ணெய்க்கான முதல் இணைப்பு 1983-இல் அமலுக்கு வந்தது. நான்காவது வந்தது 2003 செப்டம்பர் 27-இல். எண்ணெய்க்குப் பத்து ஆண்டு, இதற்கு முப்பது. இந்தக் கோப்பை மேசைமேல் வைத்துக்கொள்ள எந்த நாட்டு அமைச்சருக்கும் மனம் வந்திருக்காது என்பது என் ஊகம். சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால்தான் விடலாம். அதுவும் கப்பல் குறைந்தது 4 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சங்கொஞ்சமாக. அரைத்துக் கிருமி நீக்கியிருந்தால் 3 கடல்மைலுக்கு அப்பால் போதும். இல்லையென்றால் கப்பலிலேயே சுத்திகரிப்பு நிலையம் வைத்துக்கொள்.

நிலையம் என்றால் தொட்டி, தொட்டி என்றால் இடம். சரக்கு ஏற்றவேண்டிய இடத்தில் கழிவைச் சுமக்க எந்த முதலாளி ஒப்புவார்? கைப்பிடியை அமுக்கும் போதெல்லாம் கடலையே கவிழ்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தொட்டியும் தாங்காது. அந்த வாசல் வழியாகத்தான் வேக்குவம் கக்கூஸ் சரக்குக் கப்பல்களுக்குள் வந்தது. அதை யோசித்தவர் சுவீடனைச் சேர்ந்த யோயல் லில்யெண்டால் என்ற பொறியாளர், 1950-களில். 1968-இல் அதன் உரிமையை எலக்ட்ரோலக்ஸ் வாங்கியது. வீட்டுத் தூசியை உறிஞ்சிப் பேர் வாங்கிய அதே எலக்ட்ரோலக்ஸ்தான்.

வேலை செய்யும் விதம் இதுதான். குழாய்க்குள் இருக்கும் காற்றழுத்தத்தை வெளியில் இருப்பதில் ஏறக்குறையப் பாதியாக்கி வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் பீங்கானுக்கு அடியில் இருக்கும் வால்வு சில நொடி திறக்கும். அறைக்காற்று உள்ளே பாயும். பாயும் வேகத்தில் கிண்ணத்தில் இருப்பதையும் தள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீர் பீங்கானை அலசுவதற்கு மட்டும், ஒரு லிட்டர், மிஞ்சினால் ஒன்றே கால். குழாய் இரண்டு அங்குலம் போதும். இறக்கமாகவே போகவேண்டும் என்ற கட்டாயமில்லை, மேட்டிலும் ஏறும். சத்தம்தான் கொஞ்சம் அதிகம். பயிற்சிக்குப் புதிதாக ஏறிய கேடட்டுகள் முதல் தடவை பொத்தானை அழுத்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு நடைவழிக்கே வந்துவிடுவார்கள்.

ஒரு லிட்டரில் காரியத்தை முடிக்கும் இந்த அதிசயத்துக்குப் பக்கத்தில் நம் ஆட்கள் முதல் வேலையாக ஒரு வாளியும் மக்கும் வைத்தார்கள். பிறகு ஹெல்த் ஃபாசெட் மாட்டிக்கொண்டார்கள். இயந்திரத்துக்கு ஒரு லிட்டர், ஆளுக்கு மூன்று லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் இந்தியர்கள் ஏறிய கப்பலில் மட்டும் ஏன் நிரம்பி வழிகிறது என்று அலுவலகத்திலிருந்து ஒருமுறை விளக்கம் கேட்டு எழுதினார்கள். விளக்கினேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது கசிவுக்கு வருகிறேன். பழைய ஆட்களை முழுக்கத் தோற்கடித்தது அதுதான். இந்தக் கக்கூஸ் ஒழுகாது. குழாயில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே வராது, வெளியே இருக்கும் காற்று உள்ளே போகும். ஈரம் கிடையாது, வாடை கிடையாது, தலையில் சொட்டு கிடையாது. ஓட்டை இருக்கிறது என்பதற்குச் சாட்சி, அங்கிருந்து ஏழெட்டு மாடி கீழே இன்ஜின் அறையில் இருக்கும் பம்பு ஒன்றுதான். நல்ல நாளில் அது சற்று நேரம் ஓடும், கேஜ் முள் இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். கசிவு இருந்தால் நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும், சூடேறும், அப்போதும் முள் ஏறாது. அதற்குப் பிறகு மேலே பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், ஏனென்றால் வால்வைத் திறப்பதும் அதே வேக்குவம்தான். கிண்ணத்துக்கு மின்சாரம் கிடையாது. கீழ்த்தளத்தில் உதவிச் சமையல்காரரின் அறையில் ஒரு ரப்பர் கிழிந்தால் மேல்தளத்தில் கேப்டனுக்கு வேலை நடக்காது. அத்தனை சமத்துவத்தைக் கப்பலில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

அப்போது போன் மணி அடிக்கும். கேப்டன் பேசுவார். டோப்பாஸைக் கூப்பிடமாட்டார், சீஃப் இன்ஜினியரைத்தான் கூப்பிடுவார். நான் படிப்படியாகப் பரீட்சை எழுதிச் சீஃப் ஆன அதே காலத்தில் கக்கூஸும் படிப்படியாக ஏறி என் மேசைக்கு வந்துசேர்ந்திருந்தது. ஐம்பது பேர் இருந்த கப்பலில் இப்போது இருபது பேர். தச்சர் போய்விட்டார், சேராங்குகள் போய்விட்டார்கள், டோப்பாஸும் போய்விட்டார். பதவியை ஒழித்தவர்கள் வேலையை ஒழிக்க மறந்துவிட்டார்கள். அது முதலில் ஃபிட்டரிடம் போனது. அவரிடமிருந்து நான்காம் இன்ஜினியரிடம். இன்றைக்கு உலகத்தின் எந்தக் கப்பலில் கேட்டாலும் ஃபோர்த் இன்ஜினியரின் பொறுப்பு என்ன என்பதற்கு ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: பியூரிஃபையர், கம்ப்ரஸர், கக்கூஸ்.

பிரேசிலில் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போன பயணம் ஒன்று. நன்னம்பிக்கை முனையைத் தாண்டி இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்திருந்தோம். அந்தப் பாதையில் கரை கண்ணில் பட வாரக்கணக்காகும். உதிரி பாகம் வேண்டும், ஆள் வேண்டும் என்று யாரிடமும் கேட்க முடியாது. நள்ளிரவு தாண்டி இரண்டு பம்பும் சேர்ந்து ஓடுகின்றன, முள் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஃபிட்டர் தூத்துக்குடிப் பக்கம்; வயதில் எனக்கு மூத்தவர், அதனால் எனக்கு அவர் அண்ணாச்சி, பதவியால் அவருக்கு நான் சார். ஃபோர்த் சென்னைப் பையன், மரைன் இன்ஜினியரிங் பட்டதாரி. முகத்தில் இன்னும் பட்டமளிப்பு விழாக் களை போகவில்லை.

கசிவைத் தேடுவது எலிமினேஷன் வேலை. கப்பலின் மாடிகளுக்கு ஊடே செங்குத்தாகப் போகும் பெருங்குழாய்கள் நாலைந்து இருக்கும், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வால்வு. ஒன்றை மூடிவிட்டு முள்ளைப் பார்ப்பது. அசையாவிட்டால் திறந்துவிட்டு அடுத்ததை மூடுவது. இடப்பக்கக் குழாயை மூடியதும் முள் மளமளவென்று ஏறியது. "இந்தப் பக்கம்தான் சார் இருக்கான்" என்றார் அண்ணாச்சி. இனி மாடி மாடியாக, அறை அறையாக. இரவு இரண்டு மணிக்கு ஒருவரின் கதவைத் தட்டி, எழுப்பி, உங்கள் கக்கூஸைப் பார்க்கவேண்டும் என்று தோளில் நான்கு கோட்டுப் பட்டையோடு நிற்கும் சுகத்தைச் சீஃப் இன்ஜினியர்கள் மட்டுமே அறிவார்கள்.

அறைக்குள் போனதும் முதலில் காதைத்தான் நீட்டவேண்டும். டிஸ்சார்ஜ் வால்வின் ரப்பர் சரியாக மூடாவிட்டால் கிண்ணத்தின் அடியில் மெல்லிய சீறல் கேட்கும். கேட்காவிட்டால் ஒரு மக் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பது. மட்டம் இறங்கினால் வால்வுதான் திருடன். இறங்காவிட்டால் பின்னால் இருக்கும் இணைப்புகளில் ஷேவிங் நுரையைப் பூசுவது. கசிவு இருக்கும் இடத்தில் நுரை உள்ளே இழுபட்டுக் குழி விழும். கை எட்டாத, கண்ணும் எட்டாத மூலைக்கு அண்ணாச்சி வைத்திருந்த உத்தி ஊதுபத்தி. கொளுத்திக் குழாயோரம் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை நேராக மேலே போகாமல் சட்டென்று வளைந்து குழாயை நோக்கிப் போகும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் அல்ட்ராசோனிக் கருவி ஒன்றும் எங்களிடம் இருந்தது. அதன் பேட்டரி தீர்ந்திருந்தது.

தூக்கம் வராமல் நடைவழியில் வந்த கேப்டன் மல்லிகை வாசனை பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். நான் குந்தியிருக்கிறேன், அண்ணாச்சி கையில் பத்தி, ஃபோர்த் கையில் டார்ச். "சீஃப், கக்கூஸுக்குப் பூஜையா?" என்றார். அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே, "பாஸாயிட்டா தேங்காயும் உடைக்கலாம்னு இருக்கோம் சார்" என்றார்.

கடைசியில் அகப்பட்டது ஒரு பல்குச்சி. வால்வின் ரப்பர் உதட்டில் குறுக்கே செருகிக்கொண்டு, அதை ஒரு நூல் இடைவெளி மூடவிடாமல் பிடித்திருந்தது. அந்த நூல் இடைவெளிக்குத்தான் இருபது பேரும் காத்திருந்தோம். குழாய்களில் நான் எடுத்த மற்றவற்றை நினைத்தால் பல்குச்சி கண்ணியமான பொருள். சாக்ஸ், தேநீர்ப் பை, கரண்டி, சவர ரேஸரின் தலை, மீன்முள். ஒருமுறை கீழ்வரிசைப் பல்செட், அதற்கு உரிமை கோரி யாரும் வரவில்லை. 'சாப்பிட்டு வராத எதையும் இதில் போடாதீர்கள்' என்ற பலகை இல்லாத கப்பல் இல்லை. அதைப் படித்துவிட்டு, "அப்போ பேப்பரு?" என்று கேட்காத கேடட்டும் இல்லை.

பையனுக்குக் கை கழுவி மாளவில்லை. "சார், நாலு வருஷம் பி.இ. படிச்சது இதுக்கா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பதில் சொல்லிவிட்டார். "தம்பி, அந்தக் காலத்துல இதைத் தொடுறவனைப் படிக்க விடல. இப்பப் படிச்சாத்தான் தொடவே விடுறாங்க. நீ புண்ணியம் பண்ணினவன்."

கசிவாவது ஒரு ராத்திரி வேலை. கல் அப்படியில்லை. சிறுநீரில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக உடைக்கும்; காரத்தன்மை ஏறும்; கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து குழாய்ச் சுவரில் பழுப்புக் கல்லாகப் படியும். கடல்நீரில் அலசும் கப்பல் என்றால் இரட்டிப்பு வேகம், கடலே மெக்னீசியக் கரைசல்தானே. இரண்டு அங்குலக் குழாயை வெட்டிப் பார்த்தால் நடுவில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு வழி இருக்கும். இதற்கு வைத்தியம் அமிலம். பித்தளைக் குடத்துக்குப் புளி போடுகிற அதே தத்துவம்தான், சிட்ரிக் அமிலம் என்று டிரம்மில் எழுதியிருக்கும். வாரந்தோறும் கொஞ்சம் போட்டுவந்தால் கல் சேராது. விட்டுவிட்டால் குழாயைக் கழற்றி மரச்சுத்தியால் தட்டவேண்டும், அப்போது எழும் நாற்றம் பழைய கப்பலின் நாற்றத்தையெல்லாம் சந்தனமாக்கிவிடும்.

இதில் இன்னொரு சிக்கல், கிண்ணம் வெள்ளைவெளேரென்று இருக்கவேண்டும் என்று ஸ்டூவர்ட் பிளீச்சை ஊற்றிவிடுவார். பிளீச் நேராகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கே கழிவைத் தின்று வாழும் பாக்டீரியாக்களைக் கூண்டோடு கொன்றுவிடும். அமிலத்தோடு பிளீச் சேர்ந்தாலோ குளோரின் வாயு வரும், அது மனிதரையும் கொல்லும். இன்றைய சீஃப் இன்ஜினியர் இருபது மனிதர்களுக்கும் கணக்கில்லாத கோடிப் பாக்டீரியாக்களுக்கும் பொறுப்பாளி. மனிதர்கள் பசித்தால் சொல்லிவிடுவார்கள்.

கழிவுத் தொட்டிக்குள் ஆள் இறங்குவதென்றால் நடக்கிற சடங்கு தனி. முதலில் எழுத்தில் அனுமதிச் சீட்டு. மணிக்கணக்காகக் காற்றோட்டம். பிறகு கருவியால் அளப்பது: ஆக்ஸிஜன் வெளிக்காற்றின் அளவான 21 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கவே கூடாது. வாயிலில் ஒருவர் கையில் ரேடியோவோடு நிற்கவேண்டும், பக்கத்தில் சுவாசக் கருவி தயாராக இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. விடுமுறையில் ஊருக்கு வருவேன். பேப்பரைப் பிரித்தால் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் மூச்சுத் திணறிச் செத்த செய்தி. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993-இலும் பிறகு 2013-இலும் சட்டம் போட்ட நாடு. கப்பலில் டோப்பாஸின் வேலை படித்தவன் கைக்கு வந்ததும் அதற்குச் சீட்டும் கருவியும் முகமூடியும் வந்துவிட்டன. கரையில் அது இன்னும் கை மாறவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான் என்பது எங்களுக்கு ஓர் அற்ப ஆறுதல். 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட்டுக்கு அருகே ஜெர்மானிய நீர்மூழ்கி யு-1206 தன் கக்கூஸாலேயே தோற்றது. ஆழத்திலும் கழிவை வெளியேற்றவல்ல உயர் அழுத்தக் கழிப்பறை அதில் இருந்தது. அதன் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து கீழே இருந்த பேட்டரிகளைத் தொட்டது, குளோரின் வாயு கிளம்பியது, மேலே வந்த நீர்மூழ்கியை விமானம் தாக்கியது, கைவிட்டுவிட்டார்கள். 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் 'கார்னிவல் டிரையம்ப்' சொகுசுக் கப்பலின் இன்ஜின் அறையில் தீப்பிடித்து மின்சாரம் போனது. நாலாயிரத்துக்கு மேல் ஆட்கள். மின்சாரம் இல்லையென்றால் பம்பு இல்லை, பம்பு இல்லையென்றால் வேக்குவம் இல்லை. அலபாமாவின் மொபீல் துறைமுகத்துக்கு இழுத்துவந்து சேர்க்கும்வரை பயணிகளுக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் பைகள் கொடுத்தார்கள். டிக்கெட் விலையில் அது சேர்ந்ததா என்று தெரியவில்லை.

மகுடம் அமெரிக்கக் கடற்படைக்கு. ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ், ஜெரால்ட் ஆர். ஃபோர்டு ஆகிய விமானந்தாங்கிகளில் விமானத்தில் இருப்பதையொத்த வேக்குவம் கக்கூஸைப் பொருத்தினார்கள். நாலாயிரம் பேருக்கு மேல் ஏறும் கப்பல்கள். குழாய்கள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. அமிலம் விட்டுக் கழுவ ஒவ்வொரு தடவைக்கும் சுமார் 4 லட்சம் டாலர் ஆகிறது என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020-இல் அறிக்கை கொடுத்தது. இதைப் படித்துக் காட்டியபோது அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசித்தார். "அதுல எத்தனை சிட்ரிக் டிரம் வாங்கலாம் சார்?" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு இனி இந்த வாசலே மிதிக்கவேண்டாம் என்றிருந்தேன். அந்தச் சென்னைப் பையன் வளர்ந்து, சிங்கப்பூரில் கப்பல் சர்வேயராகிவிட்டான். மகளைப் பார்க்க அங்கே போயிருந்தபோது கூப்பிட்டான். "சார், ஒரு சின்னப் பிரச்சினை. கப்பல் இல்ல, யாட். உங்களைப் பத்திச் சொல்லியிருக்கேன்." எதைப் பற்றிச் சொல்லியிருப்பான் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அவனோடு போனேன். உல்லாசப் படகுகள் நிற்கும் மரீனாவில் வெள்ளை வெளேரென்று நின்றது படகு. தேக்குத் தளம், தோல் சோபா, காபி இயந்திரம். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். முதலாளி சிங்கப்பூர்த் தமிழர், பெரிய வக்கீல். வரவேற்பறையில் அவரைக் காணோம். தரைப்பலகை ஒன்றைத் தூக்கிவிட்டு, அந்தப் பொந்துக்குள் தலையும் தோளும் போக, குப்புறப் படுத்திருந்தார். இரண்டு கையிலும் முழங்கைவரை ரப்பர் உறை. "வாங்க சார், கால்ல டூல்ஸ் படாம வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

படகுகளில் இருப்பது குட்டி அமைப்பு. ஒரு சின்னப் பம்பு, ஒரு வேக்குவம் டப்பா, கழிவுத் தொட்டி, கிண்ணத்தின் கழுத்தில் காலால் மிதித்துத் திறக்கும் அடைப்பு. பம்புக்கு இருபுறமும் வாத்து மூக்கு வடிவத்தில் ரப்பர் வால்வுகள், டக்பில் என்பார்கள். போவதை விடும், திரும்பிவர விடாது. பயன்படுத்தியதும் பம்பு கொஞ்சம் ஓடி நிற்கவேண்டும். யாரும் உள்ளே போகாமலே நடுராத்திரியில் அது தானாக ஓடினால் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். இவருடையது மணிக்கு மூன்று தடவை ஓடியது. மனைவி படகில் தூங்க மறுத்துவிட்டாராம்.

நான் யோசனை சொல்வதற்கு மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் அவரே செய்து முடித்திருந்தார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்துப் பார்த்திருக்கிறார். இறங்கவில்லை, ஆகவே கழுத்து ரப்பர் நன்றாக இருக்கிறது. குழாயிணைப்புகளில் நுரை பூசியாயிற்று. மிச்சம் டக்பில். கழற்றி என்னிடம் நீட்டினார். உதடு கெட்டியாகி லேசாகப் பிளந்து நின்றது. ரப்பரின் ரகங்கள், அதன் ஆயுள், எந்தத் தேசத்துப் பாகம் எத்தனை மாதம் உழைக்கும் என்று அரைமணி நேரம் எனக்கே பாடம் எடுத்தார். கையேட்டின் பக்கங்களை லேமினேட் செய்து வைத்திருந்தார். வழக்குக் கட்டுகளை அவர் அப்படி வைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

"ஆள் வெச்சுப் பார்க்கலாமே சார்" என்றேன்.

"வெச்சேன். கெடுத்துட்டாங்க. இதுக்கெல்லாம் ஒரு கை வேணும்."

படகில் சம்பளத்துக்கு ஒரு பையன் இருந்தான். ராமநாதபுரத்துப் பக்கம், இருபது வயதிருக்கும். தளம் துடைக்க, கயிறு கட்ட, விருந்தாளிகளுக்குக் குளிர்பானம் எடுத்துக் கொடுக்க. முதலாளி குப்புறப் படுத்து மூச்சு வாங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல் பக்கத்தில் வந்து குனிந்தான். "குடுங்க சார், நான் மாட்டுறேன்" என்று புது வால்வை எடுக்கக் கையை நீட்டினான்.

"டேய், நீ தொடாதே!" என்று பொந்துக்குள்ளிருந்து வக்கீல் போட்ட சத்தம் அடுத்த படகுக்குக் கேட்டிருக்கும்.

பையன் கையை இழுத்துக்கொண்டான். என்னை ஒருமுறை பார்த்தான், சர்வேயரை ஒருமுறை பார்த்தான். பிறகு மேலே போய்த் தோல் சோபாவில் சாய்ந்து, போனில் படம் பார்க்கத் தொடங்கினான். "சார், அந்தப் பெரிய கிளிப்பை எடுங்க" என்று வக்கீல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.